நண்டு என்ன பார்த்தது?

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ஓய்வு பெற்றும் இந்த வியாதி தீரவில்லை. ஊசி போடுவது, கரைசல் கலக்குவது, திசுவை வெட்டுவது எல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். கூடவே நாலு திட்டும் திட்டுவார்கள். நான் சொல்ல வந்தது அதுவல்ல. சோதனை கைவிட்டுப் போகிறது, எல்லாரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள், அவகாசமும் இல்லை. அப்போது எதை நம்புவது, எதைத் தூக்கிப் போடுவது? அதற்கு எனக்குத் தெரிந்த பாடம் ஒன்றே ஒன்று. அதைக் கற்றுக்கொடுத்தவை எண்ணூர்ப் பக்கத்து நெட்டுக்குப்பத்துச் சின்ன நண்டுகள்.

சிரிக்காதீர்கள். நண்டுக்கு ஞாபகசக்தியா என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள். மார்க்கெட்டில் மீன்காரம்மா, "எங்க குழம்புல போட்டாலும் ஞாபகம் வெச்சிக்குமா டீச்சரம்மா?" என்று கேட்டாள். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், கேலிக்குப் பதில் கேலி சொல்லத் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் எங்களுக்கு இருந்த பரபரப்பு இருக்கிறதே, அதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. உங்களுக்குப் புரியும். அதனால் சொல்கிறேன்.

ஒரு விஷயத்தைக் கேட்கிறோம், கொஞ்ச நேரம் நினைவில் நிற்கிறது. அதற்கு மூளை பெரிதாக மெனக்கெட வேண்டாம். நரம்பிணைப்புகளில் ஏற்கெனவே இருக்கிற புரதங்களைச் சற்றுத் திருத்திக்கொண்டால் போதும். ஆனால் அது நாளைக்கும், அடுத்த வருடமும், சாகும்வரைக்கும் நிற்க வேண்டுமென்றால் செல்லின் உட்கருவுக்கே செய்தி போயாக வேண்டும். அங்கே சில மரபணுக்கள் விழித்துக்கொள்ள வேண்டும். புதுப் புரதம் தயாராகி வந்து அந்த இணைப்புகளைக் கெட்டிப்படுத்த வேண்டும். கற்றுக்கொண்ட சூட்டோடு புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்தைக் கொடுத்துவிட்டால், மறுநாள் அந்த நினைவு இருக்காது. ஒரு நாள் கழித்துக் கொடுத்தால் மருந்து ஒன்றும் செய்யாது. நினைவு இறுகிவிட்டது, இனி யாராலும் அசைக்க முடியாது என்றுதான் நாங்கள் எல்லாரும் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம்.

அப்புறம்தான், இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த வருடங்களில், வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களிலிருந்து ஒரு செய்தி வந்தது. இறுகிப்போன நினைவும், நினைவுபடுத்தினால் மறுபடி இளகுகிறதாம்! திரும்ப இறுகுவதற்குத் திரும்பவும் புதுப் புரதம் வேண்டுமாம். இளகியிருக்கும் நேரம் பார்த்து மருந்தைக் கொடுத்தால், பழைய நினைவே அழிந்துபோகிறதாம். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியானால் ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் அதைப் புதிதாகக் கட்டுகிறோமா? அம்மாவின் முகம், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் அழுதது, எல்லாமேவா? தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடம் ராயபுரத்தில் ஒரு கல்லூரியின் மாடியில் இருந்தது. கூட்ஸ் வண்டி போனால் தொட்டித் தண்ணீர் நடுங்கும். தலைவரின் பெயர் வேண்டாம்; நாங்கள் பெரிய சார் என்போம். நான் அவருக்குக் கீழே விரிவுரையாளர். ஆய்வு மாணவி ஒரே ஒருத்தி, குமுதா. வியாசர்பாடி குடியிருப்புப் பெண், அப்பா ஹார்பரில் மூட்டை இறக்குகிறவர். அவர்கள் பிளாக்கிலேயே முதன்முதலாக ஆராய்ச்சிக்கு வந்தவள். தனியாக இருந்தால் என்னை அக்கா என்பாள், பெரிய சார் எதிரே மேடம் என்பாள்.

இனி நண்டு. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்று நண்டின் தலைக்கு மேலே நிழல் போனால் அது தலைதெறிக்க ஓடும். கொக்கோ பருந்தோ என்று பயம். வழவழப்பான ஒரு பெட்டியில் அதை விட்டு, மேலே ஒரு அட்டையை விட்டு விட்டு நகர்த்திக்கொண்டே இருந்தால், இந்த இடத்தில் இந்த நிழல் ஒன்றும் செய்யாது என்று கற்றுக்கொள்ளும். பிறகு நிழல் வந்தால் ஓடாமல் ஒடுங்கி உட்கார்ந்துவிடும். நாள்கணக்கில் மறக்காது. ஆனால் அந்தப் பெட்டியில் மட்டும்தான். வேறு பெட்டியில் வைத்தால் மறுபடி ஓடும். ஆகவே எங்கள் கணக்கு சுலபம். உட்கார்ந்தால் நினைவிருக்கிறது, ஓடினால் மறந்துவிட்டது.

குமுதாவின் சோதனை இதுதான். எல்லா நண்டுக்கும் நிழலைப் பழக்குவது. மறுநாள் ஒரு கூட்டத்துக்கு நிழலைக் காட்டி நினைவுபடுத்திவிட்டு மருந்து ஊசி. அவை மறக்க வேண்டும். இன்னொரு கூட்டத்துக்கு நினைவுபடுத்தாமல் அதே மருந்து. அவை மறக்கக் கூடாது. இந்த இரண்டாவது கூட்டம்தான் எங்கள் கன்ட்ரோல், முதல் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. அவையும் மறந்துவிட்டால், நினைவு இளகுகிறது என்ற பேச்சே அடிபட்டுப் போகும். மருந்து நண்டைக் கெடுக்கிறது, அவ்வளவுதான் விஷயம் என்றாகிவிடும்.

அவையும் மறந்துவிட்டன.

நிழல் போனதும் கன்ட்ரோல் நண்டுகள் அத்தனையும் ஓடின. குமுதா மறுபடி செய்தாள், மறுபடியும் ஓடின. அடுத்த திங்கட்கிழமை மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. அவளுடைய ஆய்வுக்காலத்தை நீட்டிப்பதா, மூட்டை கட்டி அனுப்புவதா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நீட்டிக்காவிட்டால் மாதவரத்தில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் வேலைக்குப் போகச் சொல்லி அவள் அப்பா ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். அந்த மனுஷரைக் குறை சொல்லவும் முடியாது. மகள் வருடக்கணக்காக நண்டை ஓடவிடுகிறாள் என்பதைத் தவிர அவருக்கு வேறென்ன தெரியும்?

பெரிய சார் முந்தைய வாரமே அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கடுமையாகத் திட்டியிருந்தார். அந்த வாரம் கொஞ்சம் இறங்கி வந்து ஒரு வழி சொன்னார். "எண்ணூர்த் தண்ணி, பவர் ஹவுஸ் சாம்பல் கலந்தது, எண்ணெய் மிதக்கறது. அந்த நண்டுங்க சீக்குன்னு எழுதி, அந்தக் கூட்டத்தையே விட்டுடும்மா. யாரு நம்ப மாட்டாங்க?"

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எல்லாரும் நம்புவார்கள்! எங்கள் பக்கத்தில் எது தப்பினாலும் தண்ணீரையும் புகையையும் கை காட்டினால் போதும், கேள்வி கேட்க ஆளிருக்காது. பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அதனால்தான் அது ஆபத்தான சாக்கு. நான் அவரோடு சண்டைக்கே போய்விட்டேன். "அப்ப முதல் கூட்டமும் அதே தண்ணி நண்டுதானே சார், அதை மட்டும் எப்படி வெச்சுக்கறது?" என்று கத்தினேன். அவர் கெட்டவர் அல்ல. பெண்ணின் வாழ்க்கையைக் காப்பாற்றப் பார்த்தார். "உனக்கு வேற வழி தெரியுமா?" என்றார். தெரியவில்லை.

இதற்குள் இன்னொரு வினை. எங்களுக்கு நண்டு கொண்டுவரும் கஜா அண்ணன் அந்த நேரம் வாசலில் கூடையோடு நின்றிருந்தார். நெட்டுக்குப்பத்துக்காரர், சுத்துப்பட்டில் பாதி வீட்டுக்கு மீனும் நண்டும் கொடுப்பவர். சீக்கு நண்டு என்ற வார்த்தை அவர் காதில் விழுந்துவிட்டது. கூடையை டொம்மென்று வைத்தார். "இன்னாது, எங்க நண்டு சீக்கா? நல்லா கீதுய்யா நியாயம்! இன்னாத்துக்கு இங்க நின்னுகினு கெட்ட பேரு வாங்கணும்?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் பெரிய சார் குமுதாவை மறுபடி கூப்பிட்டு அனுப்பினார். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். உள்ளே போனவள் போன வேகத்தில் வெளியே ஓடிவந்தாள். பின்னாலேயே, "என்னம்மா, உக்காராம ஓடறே?" என்று பெரிய சாரின் குரல். அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. அவள் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"அக்கா! ரூமே போதும்க்கா!"

"என்னடி உளர்றே?"

"சார் இன்னும் தலையைக்கூடத் தூக்கல. ஒரு வார்த்தை பேசல. நான் உள்ள காலைத்தான் வெச்சேன். போன வாரம் திட்டினது மொத்தமும் ஞாபகம் வந்துடுச்சு. திட்டவே வேணாம்க்கா, அந்த ரூமே போதும்!"

"சரி, அதுக்கு?"

"நண்டுக்கு நான் ஊசி எங்க வெச்சுப் போட்டேன்?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாளியில் வைத்தால் நண்டு ஏறி வரும், விரலைக் கவ்வும். பழக்கும் பெட்டிதான் வழவழப்பு, ஏற முடியாது. அதனால் எல்லா நண்டையும் அதே பெட்டியில் வைத்துத்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். கன்ட்ரோல் நண்டையும்! நிழலைக் காட்டவில்லை, ஆகவே நினைவுபடுத்தவில்லை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். நண்டுக்கு நிழல் எதற்கு? பெட்டியே போதுமே! பெட்டிக்குள் வந்ததும் அதற்கு எல்லாம் நினைவு வந்திருக்கும், நினைவு இளகியிருக்கும், சரியாக அந்த நேரம் பார்த்து நாங்களே மருந்தை ஏற்றியிருக்கிறோம். ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் நினைத்த கூட்டத்துக்குத்தான் எல்லாம் செய்திருக்கிறோம்.

இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. நாம் என்ன செய்தோம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். நண்டு என்ன பார்த்தது என்று கேட்பதுதான் கிடையாது.

அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் குதித்தேன். அந்தக் கனத்த உடம்போடு குதித்தேன், படி தாங்கியதே பெரிது. இரண்டு பேரும் பெரிய சாரிடம் ஓடினோம். அவர் முழுவதையும் கேட்டார். முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது வேறு. "விளக்கம் ரொம்ப நல்லா இருக்கு. எண்ணூர்த் தண்ணியும் நல்ல விளக்கம்தான். எதை நம்பறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. குமுதாவுக்கு வரவில்லை. அவள், "சார் சொல்றது சரி மேடம். வாளியில வெச்சு ஊசி போட்டா அதுங்க மறக்கக் கூடாது. அது நடந்தா நம்பலாம். நடக்கலைன்னா இதுவும் சாக்குதான்" என்றாள். அப்புறம் அவரைப் பார்த்து, "திங்கக்கிழமை காலையில நண்டை நீங்களே பாருங்க சார். எதுக்கு எங்க ஊசி போட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். நம்பாத ஆளையே நடுவராக்கினாள் பாருங்கள், அதற்குத் தைரியம் வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றியிருக்காது.

சனிக்கிழமை பழக்க வேண்டும், ஞாயிறு ஊசி, திங்கள் பார்வை. ஆனால் நண்டு? கஜா அண்ணன்தான் கோபித்துக்கொண்டு போய்விட்டாரே. அன்று சாயங்காலமே நானும் குமுதாவும் நெட்டுக்குப்பம் போனோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னா டீச்சரம்மா, சீக்கு நண்டுக்கு மறுபடியும் ஆர்டரா?"

"சீக்குன்னு நான் சொல்லல கஜா."

"யார் சொன்னா இன்னா? இந்தப் பேச்சு மார்க்கெட்டுக்குப் போச்சுன்னா என் பொயப்பு நாஸ்தி. அந்தச் சின்ன நண்ட துன்னக்கூட முடியாது, நீங்க கேட்டீங்கன்னுதான் சேத்துல எறங்கி புட்ச்சிகினு வந்தேன். அதுக்கு இந்தப் பேரா?"

குமுதா குறுக்கே வந்தாள். "அண்ணே, உங்க நண்டு மேல தப்பே இல்ல. தப்பு நான் ஊசி போட்ட எடத்துல. அத்த நிரூபிக்கணும்னா உங்க நண்டுதான் வேணும். வேற ஊரு நண்டக் கொண்டாந்தா, பழைய நண்டு சீக்குதான்னு ஆயிடும்."

"அப்ப தப்பு உன் மேலயா?"

"ஆமாண்ணே."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், "ரெண்டு டீ போடு மாமு" என்றார். "இப்பிடி ஒயுங்கா பேசினா நான் ஏன் கோச்சிக்கறேன்? காலீல நண்ட எட்தாறேன், போ."

சனிக்கிழமை காலை போய் மதியம் ஆகியும் ஆள் வரவில்லை. குமுதா வராந்தாவில் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தாள். நான் படியை எட்டி எட்டிப் பார்த்தேன். இன்னும் தாமதமானால் பழக்கி முடிக்க முடியாது, மறுநாள் ஊசியும் கிடையாது, திங்கட்கிழமையும் கிடையாது. கடைசியில் படியில் காலடிச் சத்தம். கஜா அண்ணன்தான், தோளில் கூடை, சட்டையெல்லாம் வியர்வை. ஹார்பருக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்து நின்றதால் பஸ் திருவொற்றியூரிலேயே மாட்டிக்கொண்டது. இறங்கி லாரிகளுக்கு நடுவே நடந்து, அப்புறம் யாரோ தோஸ்துவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"செம பேஜாரா பூட்ச்சும்மா. நண்டு மேல வெயில் படாம ஈரச் சாக்கு போட்டு மூடிகினு வந்தேன்."

"நல்லதாப் போச்சுண்ணே! வழியில எந்த நிழலும் பட்டிருக்காது!" என்று அவள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊசி. பாதி நண்டுகளின் ஓட்டில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தோம், பாதியில் வெள்ளை. சிவப்புக்கு வழக்கம்போல் பெட்டியில் ஊசி. வெள்ளைக்கு வராந்தாவில், மீன் வாளியில். மருந்து ஒன்றே, அளவு ஒன்றே, நிழல் எதற்கும் காட்டவில்லை. வாளி நண்டுகள் படுத்திய பாட்டைச் சொல்லி மாளாது. குமுதாவின் கட்டைவிரலில் ரத்தம் வந்துவிட்டது. கடைசி நண்டு பிடிக்கே அடங்கவில்லை. "இதை மட்டும் பெட்டியில வெச்சுப் போட்டுடேன்" என்று என் வாய் வரை வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, "வேணாம்க்கா" என்றாள். துணியைச் சுற்றிக்கொண்டு வாளியிலேயே போட்டு முடித்தாள்.

திங்கட்கிழமை காலை, குழு வருவதற்கு முன்னால், பெரிய சார் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குமுதாவை வெளியே போகச் சொன்னார். அது சரிதான். என்னையும் போகச் சொன்னார். "உன் மூஞ்சியைப் பாத்தாலே எது எதுன்னு தெரிஞ்சுடும். போ வெளிய." கஜா அண்ணனும் வந்திருந்தார். தன் நண்டின் மானம் என்ன ஆகிறதென்று பார்க்காமல் போவதாக இல்லை அவர். மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம், கதவு மூடியிருந்தது.

வழவழப்பான பெட்டியில் நண்டு ஓடினால் கறகறவென்று சத்தம் வரும். கதவுக்கு வெளியே நன்றாகக் கேட்டது. ஒரு கறகற. பிறகு நிசப்தம். மறுபடி கறகற, மறுபடி. நிசப்தம். எது ஓடுகிறது, எது உட்கார்ந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. குமுதா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. எனக்கு நெஞ்சு அடித்த அடியில் மயக்கமே வந்துவிடும் போலிருந்தது. என் கல்யாணத்தன்றுகூட அப்படி அடிக்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

கதவு திறந்தது. பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சிவப்பெல்லாம் ஓடுது. வெள்ளை எல்லாம் அப்படியே உக்காந்திருக்கு. இப்ப சொல்லு, எது பெட்டி, எது வாளி?"

குமுதா முதலில் உள்ளே எட்டி நண்டுகளைப் பார்த்தாள். நான் சொல்லிவிடப் போனேன், அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். அது அவள் வாயால் வர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். கண்ணில் தண்ணீரோடு அவள் சொன்னாள்.

"வெள்ளைதான் வாளி சார். அதுங்களுக்குப் பெட்டி ஞாபகம் வரல. ஞாபகம் வராததாலதான் சார் மறக்கல."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "இதை அப்படியே உள்ள வந்து குழு முன்னாடி சொல்லு. ஒரு வார்த்தை மாத்தாதே" என்றார். அவள் சொன்னாள். கெட்டுப்போனது என்று நாங்கள் வீசவிருந்த கூட்டத்தை முதலில் வைத்து, பெட்டியில் போட்ட ஊசியை மறைக்காமல் சொல்லி, வாளியில் கொண்டுவந்து முடித்தாள். நீட்டிப்பு அன்றே கிடைத்துவிட்டது. நான் வராந்தாவுக்கு ஓடிவந்து விசிலே அடித்தேன், ராயபுரத்தில் பிறந்தவள் விசிலடிக்கக் கூடாதா என்ன?

கஜா அண்ணன் எங்கள் கூச்சலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "நண்டு சும்மா குந்திகினு கீது, அதுக்கா இம்மாம் ரவுசு?" பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார். "வெள்ளதான் என் நண்டா?"

"ரெண்டுமே உங்க நண்டுதாண்ணே."

"ஞாபகம் வரல, மறக்கல, இன்னாவோ சொல்ற, எனக்கு ஒண்ணும் புர்ல. எங்க நண்டு கலீஜ் இல்ல, சீக்கு இல்ல. அத்த மட்டும் உன் புக்குல எய்து."

எழுதினாள். அவள் ஆய்வேட்டின் பிரதி இந்த ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கிறது, போய்ப் பாருங்கள். மருந்துக்கும் மரபணுவுக்கும் முன்னால், செய்முறைப் பகுதியின் முதல் வரியிலேயே இருக்கிறது: இந்த ஆய்வுக்குப் பயன்பட்ட நண்டுகள் அனைத்தும் நெட்டுக்குப்பத்தில் பிடிக்கப்பட்டவை, நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவை.